நாலு கட்டை

சன்னாசி அண்ணன் அந்தச் சங்கிலியை விட்டதை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாலு பேர் பேசும் இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்தது எஸ்டேட் லயத்தில். பத்தொன்பது வயதில் செம்பனைக் காட்டில் வடிகால் வெட்டப் போனார். அங்கிருந்து ஆற்றோரப் பம்பு வீட்டுக்கு எடுபிடியாக வந்து, கடைசியில் பம்பு ஓட்டுகிறவர் ஆனார். முப்பத்தோரு வருஷம். ஆற்றுத் தண்ணீரை இழுத்து முந்நூறு ஏக்கர் நெல் வயலுக்கு அனுப்புகிற பம்பு அது. அதை 'அவள்' என்றுதான் சொல்வார். "அவளுக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது" என்பார். அவருடைய மனைவியைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் அங்கே கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்த வேலைக்காரி. பம்பு தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் வந்து அப்பிக்கொள்ளும் இலை, மட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீளமான வாரியால் இழுத்துப் போடுவதும் என் வேலை. சனி, ஞாயிறுகளில் தனேஸ்வரி அக்காவின் நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பப் போவேன்.

இந்த இரண்டு பேருக்கும்தான் ஆகாது.

தனேஸ்வரி அக்கா ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரம் நடுகிற குழுவை நடத்துகிறார். மின்மினிகள் அந்த மரத்தில்தான் கூடும். எங்கள் பக்கம் கரையை மொட்டையடித்த பிறகு மின்மினியும் போனது, மண்ணும் சரிந்தது. ஆறு பெண்கள் சேர்ந்து சேற்றில் இடுப்பளவு இறங்கி நட்டார்கள். மூன்று வருஷத்தில் மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. நான் சொல்லப்போவது நடப்பதற்கு முந்தைய மாதம்தான் முதன்முதலாக மின்மினிகள் திரும்பி வந்தன. பதினேழு என்று அக்கா எண்ணினார். பிறகு ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மூக்கைத் துடைத்தார்.

ஆனால் பெரெம்பாங் இலை கொட்டும், காய் கொட்டும். எல்லாம் மிதந்து வந்து எங்கள் கம்பியில்தான் ஒட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீர்ப்பாசன இலாகாக்காரர்கள் கூடாரம் போட்டுக் கூட்டம் நடத்தி, பம்பு வாய்க்கு இரண்டு பக்கமும் அறுபது மீட்டருக்கு மரம் கூடாது, அதற்கு அப்பால் நடலாம் என்று முடிவு செய்தார்கள். சன்னாசி அண்ணன் எழுந்தார்.

"இலைக்கு மீட்டர் கணக்குத் தெரியுமா சார்? அறுபத்தொண்ணுல விழுந்தா எங்கிட்ட வராம நின்னுக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தனேஸ்வரி அக்கா, "உங்க பம்பு ஆத்தையே குடிக்குது, நாங்க ஏதாச்சும் கேட்டோமா அண்ணே? நாலு இலை வந்தா அள்ளிப் போடுங்க லா" என்றார். இன்னும் சிரிப்பு. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாத்துக்கிட்டே இருங்க. ஒரு நாளைக்கு அந்த நாலாங்கட்டையவே வழிச்சு எடுத்துப்புடுவேன்."

எங்கள் ஊரில் மைலுக்குக் கட்டை என்று பெயர். கிலோமீட்டர் பலகை வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கோயில் இருப்பது இரண்டாங்கட்டை, சாப்பாட்டுக் கடை இருப்பது ஆறாங்கட்டை. மரங்கள் நட்ட கரை நாலாங்கட்டை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய இரண்டு நாளும் மலைப்பக்கம் விடாத மழை. காலை ஏழரைக்கு நான் போனபோது பம்பு ஓடவில்லை. அண்ணன் வாய்க்கால் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ அடித்து வந்த நாலு பெரிய மரத்துண்டுகள் கம்பித் தடுப்பில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிக் கிடந்தன. ஒவ்வொன்றும் எண்ணெய்ப் பீப்பாய் பருமன். தண்ணீரின் வேகத்தில் கம்பி முனகிக்கொண்டிருந்தது.

வயலில் விதைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது; தண்ணீர் பாயாவிட்டால் முளை காய்ந்துவிடும். பம்பு இரண்டு; ஒன்றைக் கழற்றிப் போட்டு நாலு மாதம், உதிரிச் சாமான் வந்து சேரவில்லை. மதியத்துக்கு மேல் கடல் தண்ணீர் ஏறும். அப்போது இறைத்தால் உப்பு போய் முளை கருகிவிடும். ஆகக் காலையில் கிடைக்கிற சில மணி நேரம்தான்.

இலாகாவுக்குப் போன் செய்தார். பாரம் தூக்கும் லோரி நாளைக்குத்தான் வரும் என்றார்கள். எஸ்டேட்டில் மண்வாரி ஓட்டும் விமலனை அழைத்தார். அவன் எடுக்கவில்லை. அதனால் குரல் பதிவு அனுப்பினார். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்து, மறு கையால் தண்ணீரைக் காட்டிக் காட்டிக் கத்தினார், என்னவோ விமலன் எதிரில் நிற்பதுபோல.

"விமலா, மெஷினக் கொண்டா. நாலு கட்டைய எடுக்கணும். இன்னிக்கே எடுத்தாகணும்டா, இல்லாட்டி பம்பு போயிரும். யாரு கேட்டாலும் சன்னாசி சொன்னாருன்னு சொல்லு, பொறுப்பு என்னது."

காத்திருக்க அவரால் ஆகவில்லை. பாரம் இழுக்கும் சங்கிலிக் கப்பியான செயின் புளோக்கைக் கொண்டுவந்து சிமெண்டுத் தூணில் மாட்டி, பெரிய கட்டையில் கொக்கி போட்டு இழுக்க ஆரம்பித்தார். அந்தக் கப்பியில் பல் தேய்ந்துவிட்டது. சங்கிலியிலிருந்து கையை எடுத்தால் பாரம் தானாகவே இறங்கிவிடும். முக்கால் மணி நேரம் இழுத்து, கட்டையைக் கம்பியிலிருந்து மூன்றடி விலக்கியிருந்தார். சங்கிலியை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அப்போது மண்வாரியின் சத்தம் கேட்டது.

கரைச் சாலை முனீஸ்வரன் கோயிலருகே இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் வந்தால் பம்பு வீடு. நான் வாரியை ஊன்றிக்கொண்டு கேட்டபடி நின்றேன். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு அப்படியே நின்ற மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அண்ணே, மெஷின் இடப்பக்கம் போவுது."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"எங்க போவான்? பசியாறப் போறானோ என்னவோ. வருவான்."

இடப்பக்கம் கடை இல்லை. நாலாங்கட்டைதான் இருக்கிறது. நான் மேசைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து, கேட்காமலே அந்தக் குரல் பதிவைப் போட்டுவிட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. 'நாலு கட்டைய' என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டவள். போனில் அது 'நாலாங்கட்டைய' என்றுதான் கேட்டது. நாலாங்கட்டைய எடுக்கணும். பொறுப்பு என்னது.

அவர் சத்தம் போன பக்கம் தலையைத் திருப்பினார்.

"அவனுக்குப் போன் அடி. அடிச்சிக்கிட்டே இரு."

மூன்று முறை அழைத்தேன். மண்வாரிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்? தனேஸ்வரி அக்காவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. போனைக் குடிசையில் மாட்டிவிட்டுச் சேற்றில் இறங்குவது அவர் வழக்கம்.

"நான் சைக்கிள்ல போறேன் அண்ணே."

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிருவான்."

"அப்ப சங்கிலிய நான் பிடிக்கிறேன், நீங்க போங்க."

"உன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். கிட்ட வராத."

அவர் கம்பித் தடுப்பைப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த சங்கிலியைப் பார்த்தார். தூரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பிறகு வேறு மாதிரி ஆரம்பித்தது. கை நீட்டி வேலை செய்கிற மண்வாரியின் சத்தம்.

"தள்ளி நில்லு" என்றார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கையை விடுவித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

சங்கிலி கப்பிக்குள் கறகறவென்று ஓடியது. கட்டை போய் மோதிய அதிர்ச்சி சிமெண்டு வழியாக என் காலுக்கு வந்தது. இரண்டு கம்பிகள் உள்பக்கமாக வளைந்தன. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"ஏறு."

என் தம்பியைத் தவிர எந்த ஆணுக்குப் பின்னாலும் நான் உட்கார்ந்ததில்லை. ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தனேஸ்வரி அக்கா பன்னிரண்டாவது மரத்தைக் கட்டிப்பிடித்தபடி சேற்றில் நின்றார். மண்வாரியின் வாளி அவர் தலைக்கு மேல் அசையாமல் நின்றது. விமலன் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். 

"நீங்கதானே மாமா எடுக்கச் சொன்னீங்க! அன்னிக்குக் கூட்டத்துலயும் சொன்னீங்களே. இலாகா உத்தரவு வந்திருச்சுன்னுல்ல நெனச்சேன். இந்தக்கா திடீர்னு மெஷினுக்கு முன்னால வந்து விழுறாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மாமா."

  அக்கா மரத்தை விடாமலே அண்ணனைப் பார்த்தார்.

"சொன்னதச் செஞ்சிட்டீங்க அண்ணே."

நான் பேசியிருக்க வேண்டும். அவர் தண்ணீரைக் காட்டித்தான் சொன்னார், அந்த நாலு கட்டையைத்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை. நான் மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். சாய்ந்து கிடந்த முதல் மரத்தைத் தோளில் முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார். பிறகு விமலனும் இறங்கினான். அக்கா தன் மரத்தை விட்டுவிட்டு, வேரில் மண் மிதிக்க வந்தார்.  வேர் அறுபடாத ஆறு மரங்களை நிறுத்த முடிந்தது. ஐந்து போனது போனதுதான்.

அதன்பிறகுதான் விமலன் மண்வாரியை ஓட்டிவந்து நாலு கட்டைகளையும் எடுத்தான். அதற்குள் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. வளைந்த கம்பியோடு பம்பை ஓட்டவும் முடியாது. கம்பி மாற்ற மூன்று நாள் ஆனது. மேட்டு வயல்காரர்கள் சிலர் மறுபடி விதைக்க வேண்டி வந்தது. பம்பு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். "நெல்லுக்குச் சம்பளம் வாங்கிட்டு மரத்துக்குக் காவல் போனியா?" என்றார் ஒருவர். நாலாங்கட்டைப் பெண்களோ அவர் மரத்தை அழிக்க ஆள் அனுப்பினார் என்றார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு அவர் கம்பிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

இலாகா விளக்கம் கேட்டது. வேலை போய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார். மலாயில் மாற்ற ஆபீஸ் கிராணி இருக்கிறார்.

"எழுது. நான் நாலு கட்டைன்னு சொன்னேன். அது நாலாங்கட்டைன்னு கேட்டிருச்சு. தப்பு விமலன் மேல இல்ல, என் வாய் மேல."

"சங்கிலிய விட்டத எழுதணுமா அண்ணே? கட்டை தானா வந்து இடிச்சதுன்னு..."

"விட்டது நான்தானே. எழுது."

எழுதினேன். அன்று சாயங்காலம் தனேஸ்வரி அக்காவின் நாற்றங்காலுக்குப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "என்னாடி, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பம்பு வீட்டின் பின்னால் கழற்றிப் போட்டிருந்த வளைந்த கம்பிகளையும் தூணில் தொங்கிய சங்கிலியையும் காட்டினேன். அவர் வளைவில் கையை வைத்துப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?"

"அங்க வர்றதுக்காக விட்டாரு" என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

அக்கா சன்னாசி அண்ணனிடம் போய் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணை நாளில் இலாகா அதிகாரி ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தபோதுதான் எனக்கே தெரியும். மரக்குழுவின் முத்திரையோடு தனேஸ்வரி அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதி மரங்கள் நிற்பது இவர் பம்பை விட்டுவிட்டு ஓடி வந்ததால் என்று. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து விட்டுவிட்டார்கள். வருஷச் சம்பள உயர்வு கிடையாது. விமலன் இப்போது அவரைக் கண்டால், "மாமா, நாலு கட்டையா, நாலாங்கட்டையா? படம் பிடிச்சு அனுப்புங்க" என்கிறான். அவரும் படம் பிடித்துத்தான் அனுப்புகிறார்.

பெரெம்பாங் காய் மிதந்து வந்து கம்பியில் ஒட்டும் என்று சொன்னேன் இல்லையா. விதைக்கு அந்தக் காய்களைக் கொடுங்கள் என்று அக்கா முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். "இது இலாகா குப்பை, வெளிய போகாது" என்று அண்ணன் குழியில் கொட்டச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கொட்டியது நான்தான்.

விசாரணை முடிந்த வாரம், நான் வாரியால் இழுத்துப் போட்ட குவியலுக்குப் பக்கத்தில் அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். இலையை ஒதுக்கிவிட்டுக் காய்களை மட்டும் ஒவ்வொன்றாக வாளியில் போட்டார். அழுகியதை அழுத்திப் பார்த்து எறிந்தார். வாளி நிறைந்ததும் ஈரச் சாக்கால் மூடினார்.

"தங்கச்சி, போறப்ப தனேசு கிட்ட இந்தக் குப்பையக் குடுத்துரு."

"என்னா சொல்லிக் குடுக்கட்டும் அண்ணே?"

சாக்கின் ஓரத்தை வாளிக்குள் செருகினார்.

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா வேற மாதிரி கேட்டுரும்."