வகுத்தலில் சேராத கட்டுரை

அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் அவளிடம் கேட்பதில்லை. மருந்துக்கடைக்காரனுக்கு அது தேவையும் இல்லை. முதலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினாள். பிறகு கழுத்துவலித் தைலம், அதற்குப் பிறகு கழுத்துப்பட்டை. போன வருடம் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு வந்து சேர்ந்தாள். எல்லாம் உத்தியோகம் கொடுத்த வரிசை.

ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து வரும் அறிவியல் இதழின் அலுவலகத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீரைப் பற்றிய ஆராய்ச்சி இதழ். அலுவலகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நூலகத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல் வைத்த அறை அது. விற்காமல் திரும்பிய இதழ்கள் மூன்று சுவரிலும் தலை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அந்த இதழ்க் கட்டுகளில் ஒன்றையே முட்டுக் கொடுத்திருப்பாள். மழை பெய்தால் அறை முழுக்க ஈரக் காகித வாடை. தண்ணீரைப் பற்றி எழுதுகிற இதழுக்குத் தண்ணீர் ஆகாது.

யாராவது ஒரு கட்டுரை அனுப்பினால், அந்த விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அதை அனுப்பி, தேறுமா தேறாதா என்று கருத்துக் கேட்க வேண்டும். அவர்கள் பதில் போட மாட்டார்கள். அக்கா நினைவூட்டுவாள். ‘அன்புடன் நினைவூட்டுகிறோம்’ என்று ஒன்று போகும். பிறகு ‘மீண்டும் நினைவூட்டுகிறோம்’. அதற்கும் அசையாதவர்களுக்குப் ‘பணிவுடன் மீண்டும்’. இதனால் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ‘ஞாபகம்’ என்றே பெயர். “ஞாபகம் வர்றாங்க” என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர்கள் வேறு வாசல் வழியாக நழுவுவார்களாம். வீட்டிலும் அதே பிழைப்புதான். மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள கட்டடம் எல்லாம் ஏறி இறங்குகிறவருக்குச் சொந்தச் சமையலறைக் குழாய் ஒழுகுவது மட்டும் கண்ணில் படாது. அவர் இப்போது ‘பணிவுடன் மீண்டும்’ கட்டத்தில் இருக்கிறார்.

அக்கா வேலை முடிந்து, கடைக்கு மேல் மாடியில் உள்ள வீட்டுக்கு ஏறும் முன் கடை ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருவாள். அப்படி உட்கார்ந்த ஒரு நாள்தான் இதழ்களுக்கு மதிப்பெண் போலப் போடுகிற எண்ணைப் பற்றி எனக்கு விளக்கினாள். இதழில் கடந்த இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை, இந்த வருடம் உலகத்தில் மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டுகிறார்கள். அது மேலே. அந்த இரண்டு வருடங்களில் நாம் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனையோ, அது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் இதழின் தாக்கம் வந்துவிடும்.

“நாலு வருஷம் முன்னாடி வந்த கட்டுரையை இன்னைக்கு எல்லாரும் தேடித் தேடிப் படிச்சா?” என்று கேட்டேன்.

“அது கணக்குல வராதுடா.”

“என் கடை இருமல் மருந்துக்குக்கூட அதைவிட ஆயுசு கெட்டி.”

அவள் சிரிக்கவில்லை. இதழின் எண் இரண்டு வருடமாக ஒன்றுக்குக் கீழேயே கிடந்தது. இந்தத் தடவையும் ஒன்றைத் தாண்டாவிட்டால் இதழை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

பதிப்பாசிரியர் ஒரு பேராசிரியர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் களைத்துப் போன மனிதர்தான். இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டிலும் சரியாகத் தெரியாமல் திண்டாடுவார் என்று அக்கா சொல்வாள். அவர் முதலில் மேலே உள்ள எண்ணைத் தூக்கப் பார்த்தார். ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கட்டுரைக்கும், ‘எங்கள் இதழில் அண்மையில் வந்தவற்றையும் மேற்கோள் காட்டினால் மகிழ்வோம்’ என்று அக்கா எழுத வேண்டும். எழுதினாள். ஆசிரியர்களும் மகிழ்வித்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதிய ஒருவர், ஆற்று மீன்களின் செதிளைப் பற்றிய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். தொட்டிக்குள் மீன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதுவும் போதாமல் போகவே, அவர் கீழே உள்ள எண்ணில் கை வைத்தார். மேற்கோள் விழாது என்று தோன்றுகிற கட்டுரையைப் போடவே வேண்டாம். நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் பட்சம். கீழே ஒன்று குறைந்தால் வகுத்து வருவது கூடும். மன்னிப்புக் கேட்டு எழுதும் வேலை அக்காவுக்கு.

அந்தச் சமயத்தில்தான் கிணற்றுப் பெண்ணின் கட்டுரை வந்தது. அது அக்கா வைத்த பெயர். எங்கோ சின்ன ஊர் ஒன்றின் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். சாயப்பட்டறைகளுக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக் கிணறுகளில் மாதந்தோறும் ஸ்கூட்டரில் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தாள். எல்லோரும் கோடையில் சோதிக்கிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் சேறு இல்லாமல் போய்வர முடியும். கோடையில் தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்துவிடும். ஆனால் மழை பெய்த பிறகுதான் பட்டறை மண்ணில் கிடக்கும் விஷ உலோகம் கரைந்து கிணற்றில் இறங்குகிறது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். கருத்துக் கேட்கப்பட்ட இரண்டு பேரும் நினைவூட்டாமலே பதில் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் போடலாம் என்றே எழுதியிருந்தார்கள்.

பதிப்பாசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். “நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதை யாரு மேற்கோள் காட்டப்போறாங்க? வேண்டாம்னு எழுதிருங்க.”

எழுதுவதற்குள் அந்தப் பெண்ணே போன் செய்துவிட்டாள். “தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க மேடம். ஆறு வருஷமா தற்காலிகமாவே இருக்கேன். எண் ஒண்ணுக்கு மேல இருக்கிற இதழ்ல ரெண்டு கட்டுரை வந்தா நிரந்தரம் பண்ணுவாங்களாம். ஒண்ணு வந்திருச்சு. உங்க இதழ் இந்த வருஷம் தாண்டிட்டா இது ரெண்டாவது.”

அன்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபோது மாத்திரை கேட்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தாள். வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், அன்றுதான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

இதழின் கடைசியில் கடிதங்கள் பகுதி என்று ஒன்று உண்டு. வாசகர்கள் எழுதுகிற மறுப்பு, சண்டை சச்சரவு எல்லாம் அங்கே வரும். எண்ணுகிறவர்கள் கடிதங்களைக் கட்டுரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் கடிதம் எத்தனை போட்டாலும் கீழே ஏறாது. ஆனால் ஒரு கடிதத்தை யாராவது மேற்கோள் காட்டிவிட்டால், அது மட்டும் மேலே சேர்ந்துவிடும். கிணற்றுப் பெண்ணின் கட்டுரையைச் சுருக்கிக் கடிதமாகப் போட்டுவிட்டால்?

“சார் ஒத்துக்குவாரா?” என்றேன்.

“வலிக்காம ஊசி போட்டா யாரு வேண்டாம்னு சொல்லுவாங்க?”

அவர் ஒத்துக்கொண்டது மட்டுமல்ல, நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டாராம். அதன் பிறகு மேற்கோள் விழாது என்று பட்ட கட்டுரையெல்லாம் கடிதமாக ஒடுங்கத் தொடங்கியது.

சுருக்குவதற்காக அந்தப் பெண் அக்காவுடன் வாரக்கணக்கில் போனில் பேசினாள். மேடம் அக்காவாக மாறியது அப்போதுதான். இரண்டு பக்கம், ஒரே ஒரு அட்டவணை, அதுதான் கடிதத்துக்கு இடம். மாதவாரி அட்டவணைகளைத் தூக்க வேண்டியிருந்தது.

“எந்த மாசத்தக்கா வெட்டுறது? எல்லா மாசமும் போய் எடுத்தது.”

“மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வச்சுக்கம்மா. உயிர் அதுலதான இருக்கு.”

“இது வந்தா எனக்குக் கணக்குல சேரும்லக்கா?”

“நம்ம இதழ்தானே. இந்த வருஷம் ஒண்ணைத் தாண்டிரும். தைரியமா இரு.”

அக்கா பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். இதழுக்கு எண் இருந்தால் இதழில் வந்த எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று நம்பினாள். இரவும் பகலும் இதழின் பக்கத்திலேயே நின்று எண்ணிப் பழகியவளுக்கு, கல்லூரிக்காரர்களும் கடிதத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுவார்கள் என்பது தோன்றாமல் போய்விட்டது.

கடிதம் வந்தது. எண்ணும் ஒன்றைத் தாண்டியது. எவ்வளவு தாண்டியது என்று கேட்காதீர்கள், பாவம், வாசற்படியைத் தாண்டிய அளவுதான். துணைவேந்தர் கைகுலுக்கினார். பதிப்பாசிரியர் எல்லோர் முன்னாலும், “யோசனை இவங்களோடது” என்று அக்காவைக் காட்டினார். அன்று அக்கா கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமாகூட அன்று குழாயைச் சரி செய்தார். இரண்டு நாள் ஒழுகாமல் இருந்தது.

நிரந்தர வேலைக்கான நேர்காணல் முடிந்த மறுநாள் கிணற்றுப் பெண் கூப்பிட்டாள். தேர்வுக்குழு பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறது. கடிதங்கள் பகுதியில் வந்திருக்கிறதே, இது கட்டுரை இல்லையே என்றிருக்கிறார்கள். இருவரிடம் கருத்துக் கேட்டுத் தேறிய ஆய்வுக் கட்டுரைதான் என்று பதிப்பாசிரியர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்களாம்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அக்கா அந்த வரியைத் தட்டச்சு செய்து அவர் மேசையில் கொண்டு போய் வைத்தாள்.

அவர் ஒரு கண்ணாடியில் படித்தார். பிறகு இன்னொன்றில் படித்தார். “எப்படிம்மா போடறது? இதைக் கட்டுரைன்னு நம்ம கையாலேயே எழுதிக் குடுத்தா, அப்ப ஏன் கீழே எண்ணலைன்னு கேப்பாங்க. ஒண்ணைத் திறந்தா எல்லாக் கடிதத்தையும் திறக்கணும். அத்தனையும் கீழே சேர்ந்தா மறுபடி ஒண்ணுக்குக் கீழே. இதழே இருக்காது. நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்.”

“சார், அந்தப் பொண்ணு வேலை சார்.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா யோசனை உங்களோடதுதானேம்மா.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை என்று அக்கா இன்றைக்கும் சாதிக்கிறாள். எனக்கு ஆறாததும் அதுதான். குத்தலாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் எல்லாம் போய் முடிகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கையெழுத்துக் கிடைக்காது. கட்டுரை என்று எழுதிக் கொடுக்க முடியாது.

அந்தப் பக்கம் அழுகை இல்லை, கோபமும் இல்லை. “அப்ப நான் எழுதினது என்னதுக்கா?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்ததாம்.

பிறகு அக்கா அதே வரியை மறுபடி தட்டச்சு செய்து, கீழே தன் பெயரும் அலுவலகப் பொறுப்பாளர் என்ற பதவியும் போட்டு, தானே கையெழுத்திட்டு அனுப்பினாள். வேலை போனால் போகட்டும் என்றிருந்தாள். அது போகவில்லை. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று தேர்வுக்குழு ஒதுக்கிவிட்டது. தனக்குத் தண்டனை கொடுக்கும் அளவுக்குக்கூட யாரும் தன்னைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் அவளை அடித்துப் போட்டுவிட்டது. கழுத்துப்பட்டை மறுபடி ஏறியது. மாணவர் விடுதி அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. ஊருக்கெல்லாம் நினைவூட்டுகிறவள் அதற்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பவில்லை.

கிணற்றுப் பெண்ணுக்குப் பதில் வேறொருவர் நிரந்தரமானார். அவளுடைய தற்காலிகமும் அந்த வருடத்தோடு முடிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் கவுன்ட்டரில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் அந்தக் கடிதத்துக்கு ஒரு மேற்கோள் விழுந்தது. கடல் தாண்டி வேறு நாட்டில் யாரோ, தோல் பதனிடும் ஊர் ஒன்றின் கிணறுகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். இங்கிருந்து யாரும் கேட்டுக்கொள்ளாமல், தானாக வந்த மேற்கோள். பதிப்பாசிரியர் சந்தோஷப்பட்டார். “பாத்தீங்களா, மேலே ஒண்ணு. கீழே ஒண்ணும் இல்ல.”

அன்று அக்கா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். தனியாகக் கூப்பிட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சத்தம் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

“உன் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்காங்கம்மா” என்றாள் அக்கா. கடிதம் என்று சொல்லவில்லை.

அவள் முதலில் கேட்டது இதைத்தான்: “எந்த மாசம் தண்ணி எடுத்தாங்களாம்க்கா?”

அக்கா கையில் வைத்திருந்த தாளில் தேடிப் பார்த்தாள். “மழைக்கு அப்புறம்தான்மா. முன்னாடி கோடையில எடுத்து ஒண்ணும் தெரியலையாம். உன்னோடதைப் படிச்சுட்டு மழைக்கப்புறம் மறுபடி போயிருக்காங்க.”

“இருந்துச்சாமா?”

“இருந்துச்சாம்.”

“இப்ப அந்தத் தண்ணியக் குடிக்கிறத நிறுத்திட்டாங்களாக்கா?”

“அது இதுல போடலம்மா.”

“கேட்டுச் சொல்றீங்களா?” என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வரிசை நிக்குதுக்கா, வச்சிடறேன்” என்றாள்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பேனா இருக்கிறதா என்று கேட்டாள். பில் புத்தகத்தில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். முதல் நினைவூட்டலே ‘பணிவுடன் மீண்டும்’ என்று தொடங்கியிருந்தது.