மூன்று நாள் பிள்ளை

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு நானும் என் கணவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டுப் பெண்ணின் தலையிலிருந்து மல்லிகை மணந்தது. எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

மீனாட்சிபுரத்து வீட்டில் எனக்கொரு தங்கை பிறந்து, மூன்றாம் நாள் இறந்துபோனாள். பால் வற்றுவதற்காக அம்மாவின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். பாலில் நனைந்து புளித்த பூவாசம் அறை முழுக்க நின்றது. அம்மா ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொன்னார்:

"மூணு நாள் இருந்த புள்ளைக்கு இத்தனை அழுகை எதுக்கு? பேருகூட வெக்கல. புத்தியோட இரு."

அம்மா நிமிர்ந்தாள்.

"எத்தனை நாள் இருந்திருந்தா அழுகலாமுங்க? நீங்களே சொல்லுங்க. அப்படியே இந்த மாருக்கும் சொல்லிப்போடுங்க, பால் நின்னுரட்டும்."

அம்மா மேலும் ஒரு மாதம் அழுதாள், மாடு கறக்கும்போதும் சோறு வடிக்கும்போதும். நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"எல்லாரும் பாக்கறாங்க," என்று பஸ்ஸில் அழுதுகொண்டிருந்த என் காதோரம் கணவர் சொன்னார். "ரெண்டு மாசக் கருதானே கலைஞ்சுது. சாதாரணம்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"பாக்கட்டுங்க," என்றேன். குரலைத் தணிக்காமல் அழுதேன்.