கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு நூல்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு ஆவி இதெல்லாம் எனக்கு ஆகாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம், நட்டும் போல்ட்டும் நிறுத்துக் கொடுத்து வளர்ந்த கை, சர்ச்சில் பாதிரியார் பிசாசைப் பற்றிப் பிரசங்கம் செய்தால்கூட வெளியே வெயிலில் நிற்கும் என் வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். இப்போதே உங்கள் வாயோரத்தில் சிரிப்பு வருவது தெரிகிறது, சிரித்து முடித்துவிட்டே கேளுங்கள்.

கடையை அண்ணன் பார்க்கிறான். லைன் என்னுடையது. லைன் என்றால், நெடுமங்காடு, வித்துரா பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு நேரில் போய் ஆர்டர் எடுத்து வருவது. நாற்பது தாண்டிய பெண் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், இப்போது டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். கல்யாணம் சரிப்படாமல் நாகர்கோவிலிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். இந்த லைன் இல்லையென்றால் அந்த வீட்டில் எனக்கு ஒரு தட்டும் ஒரு பாயும்தான், அதற்கு மேல் பேச்சில்லை.

போன மழைக்காலத்தில் வண்டிக்கு முன்பக்கம் உயரமான விண்ட்ஸ்கிரீன் கண்ணாடி ஒன்று மாட்டினேன். மழை அடிக்காது, வண்டு கழுத்தில் விழாது என்றுதான் மாட்டினேன், ஆனால் வேகம் ஐம்பதைத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் யாரோ தகர ஷீட்டைப் பிடித்து உதறுகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் இடது காதில் அது ஓயாது. டாக்டரிடம் போனால் அவர், ஒன்று சத்தத்தை நிறுத்துங்கள், இல்லை வண்டியை நிறுத்துங்கள், இப்படியே போனால் காது போய்விடும் என்றார். அண்ணனுக்கு அது போதுமே.

"ஏட்டி மேபல், காது போனா பொறவு யாரு பாக்க? நீ கல்லாவுல இரி. லைனை உன் மைனிக்க தம்பி பாத்துக்கிடட்டும், கேட்டியா" என்றான்.

"வண்டிய நான் சரியாக்குவேன். அதுவரைக்கும் எவனும் லைன்ல கால வைக்கப்பிடாது" என்றேன். மைனியின், அதுதான் அண்ணன் பெண்டாட்டியின், தம்பிக்கு ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது.

செய்யாத வேலையில்லை. வாஷர் கொடுத்துக் கண்ணாடியை உயர்த்தினேன், சாய்த்தேன், ஓரத்தில் ரப்பர் பீடிங் ஓட்டினேன், இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்தேன், பிறகு அடைத்ததையே பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் இடம் மாறும், போகாது. கடைசியில் போன் வீடியோவில் யாரோ ஒருவர் காட்டிய வித்தை ஒன்று, கண்ணாடியின் வெளிப்பக்கம் நூல் துண்டுகளை ஒட்டிவிட்டால் காற்று எப்படிப் போகிறது என்று நூல் காட்டிக்கொடுக்கும். பழைய சிவப்பு மப்ளரைப் பிரித்து வரிசையாக ஒட்டினேன். வண்டி நின்றால் நூல்கள் தொங்கும். ஓடினால் மேல்நோக்கி எழுந்து, மேல் விளிம்பில் பைத்தியம் பிடித்தாற்போல் சுழலும். அங்கேதான் சத்தம் பிறக்கிறது என்று தெரிந்ததே தவிர அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று ஒரு ஆர்டர். இந்த ஒரு தடவை போய்விட்டு வா, திங்கட்கிழமையிலிருந்து லைன் அவனுக்கு என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். வயிறெரிந்துகொண்டே போனேன். ஆர்டரை எடுத்துக்கொண்டு சாயங்காலம் இறங்கும்போது பனிமூட்டமாக மஞ்சு மூடிவிட்டது, ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது. கொண்டையூசி வளைவுகளெல்லாம் முடிந்து கல்லாறு தாண்டியதும் ரோடு நேராக வரும், அங்கே ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

நீங்கள் எப்போதாவது பைக்கில் ஒரு பஸ்ஸின் பின்னால் நெருக்கிப் போயிருக்கிறீர்களா? முகத்தில் அடிக்கிற காற்று சட்டென்று அறுந்துவிடும், அதுவரை இருந்த இரைச்சலும் போய்விடும். அதுதான் நடந்தது. ஆனால் முன்னால் பஸ் இல்லை, ஒன்றுமே இல்லை, ஈர ரோடும் என் ஹெட்லைட்டும்தான். நூல்களைப் பார்த்தேன். வண்டி அறுபதில் போகிறது, நூல்கள் நிறுத்திவைத்த வண்டியில் தொங்குவதுபோலத் தொங்குகின்றன.

லைட் போடாமல் ஏதோ வண்டி மஞ்சுக்குள் போகிறது என்று நினைத்து ஹார்ன் அடித்தேன். வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். நூல் அசையவில்லை. என் சட்டைக்கை மட்டும் இரண்டு பக்கமும் படபடத்துக்கொண்டே இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பஸ் என்றால் எல்லாக் காற்றையும் மறைக்கும். இது என் அகலத்துக்குத்தான் மறைக்கிறது. கர்த்தரே கர்த்தரே என்று வாய்விட்டுச் சொன்னேன், அந்த அமைதிக்குள் என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

வித்துராவுக்கு முன்னால் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடை ஒன்று உண்டு. மழை விட்டால் அந்த ரோடு முழுக்க ஈசல் பறக்கும், வருகிற பைக்காரர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் அப்பிப்போயிருக்கும். கடைக்காரர் துடைப்பதற்கென்றே ஒரு ஈரத்துணி வைத்திருப்பார். அன்றும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதெந்தா சேச்சி, ஒரெண்ணம் போலும் இல்லல்லோ" என்றார். ஈசல் ஒன்றுகூட ஒட்டவில்லையே என்று மலையாளத்தில் கேட்டார். குனிந்து என் கண்ணாடியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தார், பிறகு துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து, சத்தம் போயிடுச்சு என்றேன். அண்ணன் நம்பவில்லை, மறுநாள் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போய் வந்தான். வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதைத் தேய்த்தான்.

"பொய்யா சொல்லுக? சத்தத்துல காது பொட்டுது. நூலெல்லாம் தலைக்கு மேல நின்னு ஆடுது. உனக்குக் கேக்கலன்னா காது போயாச்சுன்னு அர்த்தம், மேபல்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. லைன் போகும், ஆனால் இது வெறும் காதுக்கோளாறு என்று ஆகிவிடும் அல்லவா? நூல் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேனே என்று மனது சொன்னதை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளாக விட்டுப் பார்த்தார்கள். காது நன்றாக இருக்கிறது, இடது காது முன்பைவிடத் தெளிந்திருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

லைன் என்னிடமே இருக்கிறது. டாக்டர் கொடுத்த சீட்டை அண்ணன் முன்னால் வைத்தேன். தினமும் போகிறேன், வருகிறேன், ஹெல்மெட்டுக்குள் ஒரு பொட்டுச் சத்தமில்லை. ஒரு நாள் விண்ட்ஸ்கிரீனையே கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், நெஞ்சில் காற்று படவில்லை, உடனே திரும்பி வந்து மாட்டிவிட்டேன். வண்டியை விற்றுவிடேன் என்பீர்கள். விற்றால் லைன் இல்லை. அதோடு, எனக்கு முன்னால் போகிற அது அண்ணன் ஓட்டியபோது வரவில்லையே, வண்டியை விற்றாலும் என்னை விட்டுப் போகும் என்று யார் சொல்வது? என் வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறவரை சரி, ஒரு நாள் அது வேறு பக்கம் திரும்பினால் நானும் திரும்பிவிடுவேனோ என்ற நினைப்பு ராத்திரியில் தூங்கவிடுவதில்லை.

கிழக்கேகோட்டை சிக்னல் உங்களுக்குத் தெரியும். ஒரு சைக்கிள் அளவு இடைவெளி கிடைத்தால் போதும், நாலு ஸ்கூட்டர் வந்து செருகும். என் வண்டிக்கு முன்னால் மட்டும் இடம் காலியாக இருக்கும், ஒருவரும் வந்து நிற்பதில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நேற்றும் அப்படித்தான் நின்றேன். காற்றே இல்லாத மத்தியானம், நூல்கள் எல்லாம் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. பச்சை விழுந்தது. நான் இன்னும் கிளட்சை விடவில்லை. முன்னால் நின்ற வண்டி கிளம்பும்போது பின்னால் நிற்கிறவர்மேல் ஒரு காற்று வந்து படும் பாருங்கள், அதேபோல் நூல்கள் எல்லாம் ஒரு முறை அசைந்து அடங்கின. அதற்குப் பிறகுதான் நான் கிளம்பினேன்.