ஒன்றாக ஏறிய சிவப்புச் சரிவு

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபிலிருந்து குடும்பமாக ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தோம். புதியவர்களுக்கு நீலச் சரிவு, பழகியவர்களுக்குச் சிவப்பு. நான் புதியவள்.

"தனிய நிண்டு என்ன செய்யப் போறியள்? எல்லாரும் ஒண்டாப் போவம், வாங்கோ மச்சாள்," என்றாள் கணவரின் தங்கை மாலினி. மறுக்கத் தயங்கி, சிவப்புச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகும் கம்பிவட லிஃப்டில் ஏறினேன்.

முதல் வளைவிலேயே வேகம் கட்டுமீறியது. எதிரே பாதுகாப்பு வலை, அதற்கப்பால் பள்ளம். வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்தேன். சறுக்கிக்கொண்டே போய் வலைக்குக் கைதொடும் தூரத்தில் நின்றேன்.

பின்னால் வந்து சேர்ந்த மாலினி அழுதாள். "அழாதையும். கால் முறியேல்லை. ஓரமா ஒவ்வொரு அடியா இறங்குறன், நீர் மேல நிண்டு வாற ஆக்களுக்குக் கை காட்டும்," என்றேன். அப்படியே அடிவாரம் சேர்ந்தேன்.

இப்போதெல்லாம் பனிச்சறுக்குக்குப் போனால் காலையில் அவரவர் சரிவுக்குப் பிரிகிறோம். மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். மாலினி கூப்பிட்டால், "நீர் போம், நான் பழகிட்டு வாறன்," என்கிறேன்.