முந்தானையில் வெட்டுக்கோடு

எண்பத்து நான்காம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பத்தாங் பெர்ஜுந்தை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கையில் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரு கூறைப் புடவை. அதைச் சுங்கை பெசாருக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் தாயாரிடம் காட்டி, சரி என்ற சொல்லை வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

எங்கள் வழக்கத்தில் கூறை மாப்பிள்ளை வீட்டுச் சீர். அவர்கள் தட்டில் வைத்துக் கொடுப்பதைத்தான் பெண் கட்ட வேண்டும். என் தம்பி மகள் செல்வி, கூறையில் பூவேலை அத்தைதான் செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதனால் சம்பந்தி பாக்கியம் அம்மாள் அரக்குச் சிவப்பில் வெறும் பட்டு ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சொல்லும் வந்தது: மயிலும் மாங்காயும் போடவும்.

நான் மயில் போடவில்லை. எனக்கு அறுபத்தாறு வயது. மயிலைப் பார்த்தது கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில்தான். பார்க்காத பறவையை எப்படித் தைப்பது? மாங்காய் பார்த்திருக்கிறேன், ஊறுகாயும் போட்டிருக்கிறேன். கல்யாணப் புடவையில் ஏறி உட்கார அது எங்களுக்கு என்ன செய்துவிட்டது?

முந்தானை முழுக்க நான் போட்டது ரப்பர் மரங்கள். மரத்துக்கு மரம் வெட்டுக்கோடு, பால் வடிய உளியால் பட்டையில் இழுக்கிற கோடு. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். கோடு முடிகிற இடத்தில் பால் பிடிக்கும் மங்கு. வெள்ளைப் பட்டு நூல்தான் பால். என் ஊசியைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன்: என் தையலில் முன்புறம் எப்படியோ பின்புறமும் அப்படியே இருக்கும். ஒரு முடிச்சு தெரியாது. எந்தப் பக்கம் எது என்று எனக்கே சில நேரம் விளங்காது.

மரத்தை ஏன் முந்தானையில் வைத்தேன் என்றால், சிறுவயதில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒரு கூத்து பார்த்தேன். அதில் ராசகுமாரி வேறு நாட்டுக்கு வாழப் போவாள். போகும்போது தன் ஊர் மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாள். கதையில் மீதி எல்லாம் மறந்துவிட்டது. அந்த முடிச்சு மட்டும் மறக்கவில்லை.

புறப்படுவதற்கு முன் செல்வி சொன்னாள். "அத்த, அவங்க அம்மா வேணாம்னுட்டா கடப் பொடவதான் கட்டணும். நான் வாயத் தொறக்க முடியாது லா."

"நீ தொறக்காத. எனக்கு ஒரு வாயி இருக்கு, அது போதும்."

ஆறே முக்காலுக்குப் பஸ் வந்தது. கோலசிலாங்கூருக்குப் பன்னிரண்டு கட்டை, மைலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், டிக்கெட் தொண்ணூறு காசு. கண்டக்டர் நம் ஆள்.

"பாட்டி, டின்ன கீழ வைங்க."

"இது கீழ வைக்கிற சாமான் இல்ல. ஒனக்குப் பாட்டியும் நான் இல்ல."

"சரி அக்கா, மடியிலயே வச்சிக்குங்க. பிஸ்கட்டு ஒண்ணு குடுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. டின்னுக்குள் கூறை இருக்கிறது என்றேன். அதன் பிறகு பக்கத்தில் நிற்பவர்கள் இடிக்காதபடி அவனே காவல் நின்றான்.

கம்போங் குவாந்தான் அருகே ஆறு தெரியும். பகலில் போகிறவர்களுக்கு அது வெறும் கலங்கல் தண்ணீர், கரையில் பெரெம்பாங் மரங்கள், அவ்வளவுதான். இருட்டிய பிறகு அந்த மரங்களில் மின்மினிகள் ஏறி உட்காரும். ஒன்று மின்னினால் மரம் முழுக்க மின்னும், அணைந்தால் எல்லாம் சேர்ந்து அணையும். யாரோ விசில் ஊதிச் சொன்னதுபோல இருக்கும். புடவையின் உடலுக்கு அதைத்தான் எடுத்தேன். வெள்ளி ஜரிகைப் பொட்டுகளை இறைத்துவிடவில்லை. கொத்துக் கொத்தாக, மரத்தின் உருவம் வரும்படி வைத்திருக்கிறேன். பெண் நடக்கும்போது மடிப்பு அசைந்தால் மின்னும், நின்றால் அணையும்.

ஏழே முக்காலுக்குக் கோலசிலாங்கூர். அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. கடையில் தேநீர் குடித்துவிட்டு மெலாவத்தி குன்றின் பாதையில் மெள்ள ஏறினேன். மேலே பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. டச்சுக்காரனும் ராஜாவும் அடித்துக்கொண்ட இடம் என்பார்கள். இன்று அவற்றின் மேல் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன. பீரங்கியையும் புடவையில் போடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. "அத்த, கல்யாணம் பண்ணப் போறேன், சண்டைக்குப் போவல" என்று செல்வி கும்பிட்டாள். அதனால் பீரங்கியை விட்டு, அங்கேயே நிற்கும் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொண்டேன். புடவைக் கரையில் கோபுரம் கோபுரமாக நிற்பது அதுதான். தெரியாதவர்கள் கோயில் கோபுரம் என்று நினைத்துக்கொள்ளட்டும், சண்டை இல்லை.

ஒன்பது மணிப் பஸ்ஸில் சுங்கை பெசாருக்கு முப்பது கட்டை, இரண்டு வெள்ளி பத்துக் காசு. தஞ்சோங் காராங்கில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுங்கை புரோங்கில் வயல் வைத்திருப்பவர். டின்னில் என்ன என்று மலாயில் கேட்டார். மேலாக மடித்திருந்த உள்முனையை மட்டும் திறந்து காட்டினேன். பெண் இடுப்பில் செருகும் முனை அது. அதில் பச்சையும் பொன்னுமாக நெல் வயல், நடுவே வாய்க்கால்.

"பாடி! பாடி!" என்றார். மலாயில் நெல்லுக்குப் பாடி. ஜன்னலுக்கு வெளியே காட்டினார். அங்கேயும் அதேதான். கண் எட்டும் வரை வயல், நேர்க்கோடாக வாய்க்கால், வெள்ளைக் கொக்குகள். பிறகு என் வயலில் விரலை வைத்து, கொக்கு எங்கே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கொக்கை எப்படி விட்டேன்? செகிஞ்சான் தாண்டுவதற்குள், கையோடு இருந்த ஊசியால், குலுங்கும் பஸ்ஸில் ஒரு கொக்கைத் தைத்தேன். ஒரு கால் கொஞ்சம் கோணல். அவர் அதையும் ரசித்துவிட்டுத்தான் இறங்கினார்.

பத்தே முக்காலுக்குச் சுங்கை பெசார். சம்பந்தி வீடு கடைத்தெருவில், முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடியிருப்பு. பாக்கியம் அம்மாள் என் வயதுக்காரர். நிச்சயத்தின்போதே இரண்டு முறை சொன்னார், நாங்கள் பரம்பரைக் கடைக்காரர்கள், தோட்டத்து வாடையே தெரியாது என்று. எனக்குக் காப்பி கொடுத்தார். புடவையைப் பாயில் விரித்தேன். அவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"மயில் எங்க?"

"பறந்திருச்சு."

"வெளயாடாதீங்க சம்பந்தி. இது என்னா, பால் மரமா?"

"பால் மரந்தான்."

"கோலாலம்பூர்ல இருந்து ஆளுங்க வர்ற கல்யாணம் இது. என் மருமவ தோள்ல மங்கு தொங்கணுமா?"

"அந்த மங்குல பால் எடுத்துத்தான் எந்தம்பி அவள டைப்பு படிக்க வச்சான்."

"அது ஒங்க வீட்டுக் கத. எங்க வீட்டுல ஒருத்தரும் தோட்டத்துல கால் வச்சதில்ல." புடவையின் மறுமுனையை இழுத்துப் பார்த்தார். "இந்த நெல்லு அழகா இருக்கு. இத முந்தானையாப் போட்டுக்கிட்டு, மரத்த உள்ள சொருவச் சொல்லுங்க. ஒங்க ஆசையும் தீரும், எங்க மானமும் நிக்கும்."

"நெல்லு சோறு. வயித்தோட இருக்க வேண்டியது, அதனால உள்ள வச்சேன். பால் சொமந்த தோள்ல மரந்தான் வரும். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க சம்பந்தி, டின்ன மூடிக்கிட்டு அடுத்த பஸ் ஏறுறேன். ஒளிச்சு வச்சுக் கட்டறதுக்கு இது திருட்டுச் சாமான் இல்ல."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தானையின் இரண்டு மூலைகளையும் பிடித்துத் தூக்கி, குறை கண்டுபிடிக்கிற வேகத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்புறம் அவர் பக்கம் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, என் தையல் அப்படி.

"அதயாச்சும் ஒழுங்காப் போட்டீங்களா? கோடு மாறில்ல எறங்குது. வல மேல தொடங்கி எடக்கீழ வந்தா பாதிப் பால்கூட வராது. வெட்டுனதப் பாக்க வர்ற எந்த மண்டோரு விடுவான்? மரத்தடியிலயே நிக்க வச்சுக் கிழிச்சிருவான்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

நான் எழுந்துபோய் முந்தானையைத் திருப்பினேன். இட மேல், வலக்கீழ்.

"பின்பக்கத்தப் பாத்துட்டீங்க. இப்பப் பாருங்க. மண்டோரு திட்டுவானா?"

அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். விரலைக் கோட்டின் மேல்முனையில் வைத்து, உளி இழுப்பதுபோல, ஒரே சீராக மங்கு வரைக்கும் இழுத்தார்.

"பதினோரு வருசம்" என்றார். "சபாக் பெர்ணம் போற வழியில ஒரு தோட்டம். மூணாம் டிவிசன். இங்க கட்டிக் குடுத்தப்ப மாமியா சொன்னாங்க, தோட்டத்த லயத்து வீட்டுலயே வுட்டுட்டு வான்னு. வுட்டுட்டேன். புள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. நீங்களும் சொல்லிராதீங்க சம்பந்தி."

"நான் ஏன் சொல்றேன்? அது ஒங்க மரம். ஆனா மயில் போட மாட்டேன்."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புடவையை மடித்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று இரவு அங்கேயே உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகத் தூங்கினேன். என் வேலை முடிந்துவிட்டது. இனி கட்டுகிற பெண் பாடு, கொடுக்கிற கை பாடு.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூறைத் தட்டு புறப்பட்டது. பெரியவர்கள் தொட்டு ஆசி சொல்லத் தட்டு வரிசையாகச் சுற்றி வர வேண்டும். வழக்கமாக அதைத் தூக்குவது வீட்டு இளையவர்கள். அன்று பாக்கியம் அம்மாளே தூக்கி வந்தார். தட்டில் இருந்தது என் புடவை, முந்தானை மேலாக மடித்தபடி. கிட்டே வந்ததும் முதலில் நான் பார்த்தது கோட்டைத்தான். இட மேல், வலக்கீழ். முன்புறத்தைத் தேடி வைத்திருக்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த நாத்தனார் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். "என்னா அண்ணி இது, மயிலக் காணோம், கோடு கோடா இருக்கு?"

"வெட்டுக்கோடு" என்றார் பாக்கியம் அம்மாள். மேளம் நின்றிருந்த நேரம், மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் வெட்டுன மரம். பதினோரு வருசம் வெட்டுனேன். தொட்டுக் கும்பிடு."

மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையைத் திருப்பித் தன் தாயைப் பார்த்தார். ஐயர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் முன்னால் திரும்பினார். செல்வி கூறை கட்டிக்கொண்டு வந்தாள். தோளிலிருந்து முதுகு வழியாக எங்கள் தோட்டம் இறங்கியது. பாக்கியம் அம்மாள் தம் வாயாலேயே ஊரறியச் சொன்னதனால்தான் இதை நான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் என்னோடு வைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏற்றிவிட அவரே வந்தார்.

"மங்கக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டீங்க சம்பந்தி."

"ஒங்க டிவிசன் மரம் கஞ்சப் பால் போல."

சிரித்தார். பஸ் நகர்ந்தும் சிரித்துக்கொண்டே நின்றார்.

கோலசிலாங்கூரிலிருந்து அதே கண்டக்டர். பிஸ்கட் தீர்ந்ததா என்று கேட்டான். தீர்ந்தது என்றேன். எங்கள் ஊர் நெருங்கும்போது சாலையோரம் ரப்பர் மரங்களைச் சாய்த்திருந்தார்கள், எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போகிறார்களாம். "இனிமே என்னாக்கா தைப்பீங்க?" என்றான். செம்பனைக்கு ஓலை இருக்கிறது, குலை இருக்கிறது, கையைக் கிழிக்கும் முள்ளும் இருக்கிறது. முள்ளோடு தைப்பேன் என்றேன். மயில்தான் வேண்டும் என்பவர்கள், முதலில் ஒரு மயிலைப் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் கட்டட்டும். பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்.