மணலை எடுப்பதானால் எழுத்தில் கொடுங்கள்

1. நாலு கோட்டு நோட்டு

ஹரிஹரன் சார் ஒரு நாலு கோட்டு நோட்டையும் ஒரு பெட்டி பென்சிலையும் என் மேஜைமேல் வைத்தபோது காலை ஒன்பதே முக்கால் மணி. அவர் மகன் ஆதி அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்து மணலில் இறங்கியிருந்தான்.

"கோமதி டீச்சர், கொழந்தைக்கு நாலு வயசாறது. ஒரு எழுத்து தெரியலை. எதிராத்துக் கொழந்தை நர்சரிக்குப் போய் ஏ டு இஸட் எழுதறது. இவன் ஆத்துக்கு வந்து சிரட்டைல மண்ணு அளந்த கதை சொல்றான். தெனம் ஒரு பக்கமாவது எழுத வச்சுடுங்கோ."

நோட்டையும் பென்சிலையும் எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

"இங்க எழுத வைக்கிறதில்ல சார்."

"எழுத வைக்கறதில்லேன்னா, பின்னே என்னத்துக்கு அங்கன்வாடி?"

"விளையாட."

அவர் கெட்ட மனிதர் இல்லை. செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆஃபீசர். மகனைத் தினமும் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். மற்ற அப்பாக்கள் பைக்கை நிறுத்தாமலேயே பிள்ளையை இறக்கிவிட்டுப் போவார்கள். ஆனால் அன்று, "இதை நான் கமிட்டியில சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கரமனையில் அக்ரஹாரத் தெருக்களுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் இருந்தது எங்கள் அங்கன்வாடி. இருபத்திரண்டு பிள்ளைகள். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் சிலர், மலையாளிப் பிள்ளைகள் பலர், தென்காசி, வள்ளியூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். என் அப்பாவும் அப்படி ஓட்டல் வேலைக்கு வந்தவர்தான். முற்றத்தில் நாலு பக்கமும் செங்கல் வைத்து மணல் நிரப்பியிருந்தேன். தேங்காய்ச் சிரட்டை, புனல், பழைய அளவுக் குவளை, இரண்டு வாளித் தண்ணீர், இவ்வளவுதான் சாமான். சனிக்கிழமைதோறும் நானும் ஹெல்பர் சரசம்மாவும் மணலைச் சலித்து வெயிலில் உலர்த்துவோம். பூனை இறங்காமல் இருக்கச் சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடுவோம்.

2. நானும் எழுத வைத்தவள்தான்

இதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாலைந்து வருடம் நானும் ஸ்லேட்டும் கம்பும் வைத்துக்கொண்டிருந்தவள்தான். பிந்து என்று ஒரு குழந்தை. ஸ்லேட்டை எடுங்கள் என்று நான் சொன்னதும் உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். நான் திட்டுவேன். சரசம்மா தரையைத் துடைப்பாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "டீச்சரே, இந்தக் குட்டிக்கு வீட்டில ஒண்ணும் குழப்பம் இல்ல கேட்டோ. ஸ்லேட்டு கண்டாத்தான் போகுது."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அதே வருடம் ஒரு டிரெயினிங். கிளாஸ் எடுக்க வந்த அம்மா இரண்டு எக்ஸ்ரே படங்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். ஒன்று பெரியவர் கை. மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் கூழாங்கல் மாதிரி நெருக்கமாக இருந்தன. இன்னொன்று மூன்று வயதுக் குழந்தையின் கை. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. இரண்டு மூன்று பொட்டுகள் மட்டும். "மற்றதெல்லாம் இன்னும் எலும்பாகவில்லை. இந்தக் கையில்தான் நீங்கள் பென்சிலைத் திணிக்கிறீர்கள்" என்றார்.

மறுநாள் கம்பை அடுப்பில் வைத்தேன். பிந்துவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அந்தக் குடும்பம் அதற்குள் கொல்லத்துக்கு மாறிப் போயிருந்தது.

அதனால்தான் ஹரிஹரன் சாரிடம் எனக்குத் தயக்கமே வரவில்லை. தெரியாமல் ஒரு தடவை செய்தேன். தெரிந்துகொண்டு செய்ய முடியாது.

3. இடது கை

கமிட்டி கூடியது. வார்டு கவுன்சிலர்தான் தலைவர். மலையாளி, எங்கள் தெருக்களில் ஓட்டு கேட்டுக் கேட்டு ஒருவகைத் தமிழ் பழகியவர். பெற்றோர் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஹரிஹரன் சார் எழுந்து தன் புகாரைச் சொன்னார். தெருமுனையில் புதிதாக ஒரு நர்சரி வந்திருந்தது. டை, ஷூ, இங்கிலீஷ் பாட்டு. எங்களிடமிருந்து ஐந்து பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். எல்லாம் உண்மைதான்.

"டீச்சர் எந்தா சொல்றது?" என்றார் கவுன்சிலர்.

நான் ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். "எல்லாரும் இடது கையால 'அ' எழுதுங்க. மலையாளத்து 'அ'. ஒரு பக்கம் முழுசும். கோட்டுக்கு வெளிய போகப்படாது."

முதலில் சிரித்தார்கள். நான் அவர்கள் பின்னால் நடந்தேன். "என்ன இது, கோணல்மாணலா? பக்கத்து ஆளப் பாருங்க, எவ்வளவு அழகா எழுதுறாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் வரல்ல? சீக்கிரம், சீக்கிரம்." மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. ஒரு அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். கவுன்சிலர் கையை உதறிக்கொண்டார். ஹரிஹரன் சார் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை. ஆஃபீசில் அவர் கையெழுத்துக்குப் பெயர் உண்டு. நாலாவது வரியில் பென்சில் முனை ஒடிந்தது.

"என்ன விளையாட்டு இது?" என்று எழுந்து நின்றார்.

"விளையாட்டில்ல சார். இதுதான் நீங்க கேட்ட எழுத்து."

அந்த நேரத்தில் எனக்கு வெற்றி மாதிரித்தான் இருந்தது. ஆனால் நாலு பேருக்கு முன்னால் அவமானப்பட்டவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அடுத்த திங்கட்கிழமை ஆதி வரவில்லை. டை கட்டி, கழுத்தைத் திருப்ப முடியாமல், எங்கள் வாசலைத் தாண்டி நர்சரிக்குப் போனான். மணலைப் பார்த்துக்கொண்டே போனான்.

கமிட்டியின் தீர்மானமும் என்னைக் கேட்காமல் வந்தது. மணலை அள்ளிவிட்டு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிப்பது. "நீட்டா இருக்கும் டீச்சரே. நர்சரிக்காரங்க முற்றம் கண்டிட்டில்லே?" என்றார் கவுன்சிலர் போனில்.

4. லாரி வந்த காலை

பத்து மணிக்கு லாரி வந்தது. கல்லை இறக்கியவர் மாடசாமி. எங்கள் அங்கன்வாடிப் பிள்ளை இசக்கியின் அப்பா. தென்காசிக்காரர். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"டீச்சர், காண்ட்ராக்டர் அனுப்புனாவ. நம்ம பள்ளிக்கூடம்னு இங்க வந்தபொறவுதான் தெரியும்."

"உங்க வேலையைக் கெடுக்கச் சொல்லமாட்டேன் மாடசாமி. ஆனா நான் இங்கதான் உட்காருவேன்."

சேலையைச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. டீச்சரே மணலுக்குள் வந்துவிட்டாளே! ஒருத்தன் என் காலைப் புதைக்க ஆரம்பித்தான். சரசம்மா உப்புமாவை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் அங்கன்வாடிகளுக்கு மேலதிகாரியான சூப்பர்வைசர் மேடம் போனில் வந்தார். "டீச்சர் ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யணும். கவுன்சிலர் கிட்ட சண்டைக்கு நிக்கண்டாம்."

"சரி மேடம். மணலை எடுக்கணும்னு ஒரு வரி எழுத்துல கொடுங்க. பிள்ளைங்க விளையாடுற இடத்தை எடுக்கிறோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த நிமிஷம் எந்திரிக்கிறேன்."

"அதொக்கெ எப்படி டீச்சர் எழுதறது?"

பதினோரு மணிக்குக் கவுன்சிலர் ஸ்கூட்டரில் வந்தார். அவரிடமும் அதையே கேட்டேன். தாளும் பேனாவும் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கவில்லை.

"மூணு வயசுப் பிள்ளைய தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுதீங்க. பெரியவங்க நீங்க யாருமே ஒத்த வரி எழுத மாட்டீங்களா?"

"டீச்சரே, மெமோ வரும். ஜோலி போகும்" என்றார் அவர்.

"வரட்டும். அதையாவது எழுத்துலதான கொடுப்பீங்க."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகுதான் சம்பளத்தை நினைத்தேன். சரசம்மா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

இவ்வளவு நேரமும் மாடசாமி எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல், நூல் பிடித்து முற்றத்தின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு குச்சியை மணலில் நட்டு நடுவில் ஒரு நூலைக் கட்டினாள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. குச்சியை உயர்த்தினாள். இப்போது மற்ற பக்கம் தாழ்ந்தது. அவள் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்ததை மாடசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கவுன்சிலரிடம் வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன். தர வாட்டம் கட்டடத்தப் பாத்து சரிஞ்சு இருக்கு. இந்த மண்ணுதான் மழத்தண்ணிய குடிச்சிக்கிடுது. இத அள்ளிட்டு கல்லப் பதிச்சா, ஒரு மழைக்கே தண்ணி பூரா கிளாசுக்குள்ள ஏறிரும். பொறவு என்னையத்தான் ஏசுவாவ."

கவுன்சிலர் முற்றத்தைச் சுற்றி வந்தார். ஆறு பெருகி அந்தச் சந்துக்குள் தண்ணீர் வந்த மழைக்காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. "அப்போ கேட்டிலேர்ந்து வாசல் வரைக்கும் கல்லு போட்டா மதி, போதும். மண்ணு அங்கே கிடக்கட்டே" என்றார்.

மணல் தப்பியது. குழந்தைகளுக்காகத் தப்பவில்லை, தண்ணீருக்காகத் தப்பியது. அது எனக்கு இன்றும் குறைதான். ஆனால் நான் எழுந்திருந்தால் மாடசாமி வாயைத் திறப்பதற்குள் மணல் லாரியில் ஏறியிருக்கும்.

5. மெமோ

மெமோ வந்தது. பிள்ளைகள் குறைவது ஏன், எழுத்துப் பயிற்சி தராதது ஏன், மேலதிகாரியிடம் மரியாதைக்குறைவாகப் பேசியது ஏன். நாலு பக்கம் பதில் எழுதினேன். ஒரே ஒரு நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று எழுதினேன். யார் எத்தனை சிரட்டை எண்ணினாள், யார் யாருக்குப் புனலை விட்டுக்கொடுத்தான், மலையாளம் தெரியாத பிள்ளை எந்த வார்த்தையை யாரிடமிருந்து பிடித்தாள், இசக்கி எத்தனை தடவை நூலைச் சரி செய்தாள். மூன்றாவது கேள்விக்கு, 'பேசியது உண்மை' என்று மட்டும் எழுதினேன்.

ஆதியின் அம்மா ஒருநாள் காலை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டை இல்லை. அவன் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தான். நர்சரி வாசலுக்குப் போனாலே அப்படிச் செய்கிறானாம், இப்போது சாப்பிடவும் அந்தக் கையை எடுப்பதில்லையாம்.

"அவர் கேட்கச் சொன்னார் டீச்சர். அஞ்சு வயசுலயாவது எழுத வைப்பேளான்னு."

"இங்க நான் இருக்கிற வரைக்கும் மாட்டேன்னு சொல்லுங்க. அது தெரிஞ்சு விடுறதானா விடுங்க."

அவள் குனிந்து ஆதியின் செருப்பைக் கழற்றினாள். அவன் கை சட்டையிலிருந்து வெளியே வர ஒன்பது நாள் ஆயிற்று. ஹரிஹரன் சார் அதன்பிறகு மகனைக் கொண்டுவிட வந்தாலும் என்னோடு பேசியதில்லை. பேசவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவரை அப்படி நிறுத்தியது என் தப்பு. சொன்ன விஷயத்தில் தப்பில்லை, சொன்ன விதத்தில் இருந்தது.

மெமோவுக்கு நான் எழுதிய பதிலை எடுத்துக்கொண்டு ஒருநாள் சூப்பர்வைசர் மேடமே வந்தார். காலை முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் விசிட் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. எத்தனையோ வருடம் இன்ஸ்பெக்ஷன் வரும்போதெல்லாம் நாங்கள் விளையாட்டுக்கு வேறு வேறு பெயர் வைத்து ஒளித்திருக்கிறோம். கணக்குக்கு முன்தயாரிப்பு என்போம், மொழித்திறன் என்போம், ஆக்டிவிட்டி என்போம். நாமே வெட்கப்பட்டு மூடி வைத்தால் மற்றவர்கள் அதை எடுத்து எறியத்தான் செய்வார்கள்.

"டீச்சர், இன்னைக்கு நடந்ததை எப்படி எழுதட்டும்? ப்ரீ-மேத்ஸ் ஆக்டிவிட்டின்னு எழுதினா மேலே பிரச்னை வராது" என்றார் மேடம், நல்ல எண்ணத்தோடுதான்.

"வேண்டாம் மேடம்" என்றேன். "விளையாடினாங்கன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.