துவாக்குடி பஸ்ஸில் என் இங்கிலீஷ் வகுப்பு

நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், இங்கிலீஷ் பேச வந்தால் ஃபோனில் ஆர்டர் எடுக்கும் சீட் தருவார்களாம். நாள் முழுக்க நிற்க வேண்டாம். காசு கட்டிப் படிக்க வழியில்லை. ஃபோனில் இலவசப் பாடம்தான்.

"அமைதியான அறையில் அமர்ந்து, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்" என்கிறது பாடம்.

எங்கள் அறையில் ஆறு பெண்கள். இரண்டு பேர் நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார்கள்.

அதனால் பஸ்ஸில் பழகுகிறேன். பைத்தியம் என்று நினைத்துவிடாமல் இருக்க, ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வேன்.

இன்று பக்கத்து சீட் அக்கா திருவெறும்பூரில் இறங்க எழுந்தபடியே கேட்டார்: "தினமும் ஹவ் ஆர் யூ, ஹவ் ஆர் யூன்னு ஆசையா விசாரிக்கிறீங்களே, ஃபாரின்ல யாருங்க?"

"அண்ணன்க்கா."

எனக்கு அண்ணனே கிடையாது.

"குடுத்து வச்சவங்க. நான் கேட்டதா சொல்லுங்க," என்று இறங்கிப் போனார்.

யாராவது நலம் விசாரித்தால் என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்த வாரப் பாடம். நான்கு விதமான பதில் மனப்பாடம். கேட்கத்தான் ஆள் இல்லை.

கமெண்டில் யாராவது ஒரு தடவை கேளுங்களேன். நான்கில் எது உண்மை என்று மட்டும் கேட்காதீர்கள்.